தலைவரைக் குறை சொன்னால் எம்.எல்.ஏ. பதவி போய்விடுமா?

மதுரை மாவட்டத்து வாக்காளர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "எங்கள் எம்.எல்.ஏ. ஒரு கல்யாணப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தன் கட்சித் தலைவர் மீது வந்திருக்கும் புகார்கள் உண்மையாகத்தான் இருக்கும் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். வெளியே சொல்லலாமே என்றேன். 'சொன்னால் மறுநாளே பதவி போய்விடும்' என்றார். அமெரிக்காவில் ஒருவர் இதே மாதிரிக் காரணத்துக்காகக் கட்சியையே விட்டு வந்தும் பதவியில் இருந்தார் என்று படித்தேன். நம்மூரில் அப்படி முடியாதா? அவர் சொன்னது உண்மையா, சாக்கா?"

பாதி உண்மை, பாதி சாக்கு. எது எந்தப் பாதி என்று பிரித்துச் சொல்கிறேன். மதுரையில் வக்கீலாக இருக்கிறேன். உள்ளாட்சி, தேர்தல் சம்பந்தப்பட்ட வழக்குகள் என்னிடம் நிறைய வரும். இந்தப் பயத்தோடு வருகிறவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்த அமெரிக்கர். நீங்கள் படித்தது மிச்சிகன் மாநிலத்து ஜஸ்டின் அமாஷைப் பற்றியாக இருக்கும். அதிபர் டிரம்ப்பின் நடத்தை பதவி நீக்க விசாரணைக்குரியது என்று 2019 மே மாதம் அவருடைய குடியரசுக் கட்சிக்குள்ளிருந்தே சொன்னார். ஜூலை 4 அன்று கட்சியை விட்டு விலகினார். டிசம்பரில் டிரம்ப்புக்கு எதிரான இரண்டு தீர்மானங்களுக்கும் சுயேச்சையாக வாக்களித்தார். பதவிக்காலம் முடியும்வரை அவரை யாரும் அசைக்க முடியவில்லை, ஏனென்றால் அங்கே கட்சித் தாவல் தடைச் சட்டம் என்று ஒன்று கிடையாது. இங்கே உண்டு. அதே காரியத்தை நம் எம்.எல்.ஏ. ஒருவர் அதே வரிசையில் செய்தால், ஜூலை 4 வரை பிழைத்திருப்பார். அன்றைக்கு விலகல் கடிதம் கொடுத்ததும் தகுதி நீக்கத்துக்கு வழி திறந்துவிடும். மே மாதம் சொன்ன சொல்லுக்கு மட்டும் இங்கேயும் பதவி போகாது.

தலைவரோடு முறித்துக்கொள்வது வேறு, கட்சியோடு முறித்துக்கொள்வது வேறு. சட்டம் தண்டிப்பது இரண்டாவதை மட்டும்தான். உங்கள் எம்.எல்.ஏ. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார். அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. இரண்டுக்கும் நடுவே கோடு போடும் அதிகாரம் சபாநாயகர் கையில் இருக்கிறது. கோடு எங்கே விழும் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடிவதில்லை.

1985-ல் 52-வது திருத்தமாக அரசியல் சட்டத்தில் பத்தாவது அட்டவணை சேர்க்கப்பட்டது. கட்சித் தாவல் தடைச் சட்டம் என்பது இதுதான். அதன்படி ஒரு எம்.எல்.ஏ. இரண்டு காரணங்களால் பதவி இழக்கலாம். ஒன்று, தானாக முன்வந்து கட்சி உறுப்பினர் பொறுப்பை விடுவது. இன்னொன்று, கட்சியின் கொறடா, அதாவது எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி சார்பில் சொல்பவர், இடும் உத்தரவை மீறிச் சபையில் வாக்களிப்பது, அல்லது வாக்களிக்காமல் இருந்துவிடுவது. இரண்டாவதில் 15 நாட்களுக்குள் கட்சி மன்னித்துவிட்டால் பிழைத்தார். தலைவரை விமர்சிக்கக் கூடாது, பேட்டி கொடுக்கக் கூடாது, விசாரணை கேட்கக் கூடாது என்று அதில் ஒரு வரிகூடக் கிடையாது. கொறடா உத்தரவுக்கும் 1992-ல் கிஹோட்டோ ஹோலோஹன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வேலி போட்டது. ஆட்சி நிற்குமா விழுமா என்கிற நம்பிக்கை வாக்கெடுப்பு, அல்லது கட்சி எதைச் சொல்லி ஓட்டு வாங்கியதோ அந்த அடிப்படைக் கொள்கை, இவற்றோடு உத்தரவு நிற்க வேண்டும் என்றது. சபாநாயகர் முடிவை நீதிமன்றம் பரிசீலிக்கலாம் என்று சொன்னதும் அதே தீர்ப்புதான்.

சரி, அப்படியானால் பயம் எங்கிருந்து வருகிறது? "தானாக முன்வந்து விடுவது" என்ற அந்தச் சொற்களிலிருந்து. ராஜினாமாக் கடிதம் கொடுத்தால்தான் விட்டதாக அர்த்தம் என்று சாதாரண மனிதர்கள் நினைப்போம். 1994-ல் ரவி நாயக் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லவில்லை. நடத்தையை வைத்தே ஒருவர் கட்சியை விட்டுவிட்டார் என்று முடிவு கட்டலாம் என்றது. எந்த நடத்தை? அதை முதலில் தீர்மானிப்பவர் சபாநாயகர். பெரும்பாலும் அவர் ஆளும் கட்சி சார்பில் ஜெயித்து வந்தவர்.

இதை நம் பக்கத்து ஜனங்களுக்குப் புத்தகம் வைத்து விளக்க வேண்டியதில்லை, 2017-ஐ நினைவுபடுத்தினால் போதும். பெரியகுளத்துக்காரரான ஓ. பன்னீர்செல்வம் பிப்ரவரி 7 அன்று இரவு மெரினாவில் ஜெயலலிதா சமாதி முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்தார். எழுந்து வந்து, முதல்வர் பதவியிலிருந்து தன்னைக் கட்டாயப்படுத்தி விலக வைத்தார்கள் என்றார். பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை வாக்கு கோரினார். 122 பேர் ஆதரவு, 11 பேர் எதிர்ப்பு. அந்த 11 பேரும் அதே அ.தி.மு.க. சின்னத்தில் ஜெயித்தவர்கள். மதுரை தெற்கும் சோழவந்தானும் அதில் இருந்தன. சொந்தக் கட்சி அரசுக்கு எதிராக, அதுவும் நம்பிக்கை வாக்கெடுப்பில் வாக்களிப்பது இந்தச் சட்டம் குறிவைத்த செயல்களில் முதன்மையானது. அவர்களுக்கு என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. ஆகஸ்ட் 21 அன்று இரண்டு அணிகளும் இணைந்தன, பன்னீர்செல்வம் துணை முதல்வரானார். தகுதி நீக்கம் கேட்டு தி.மு.க. தரப்பு நீதிமன்றப் படியேறியது. உயர் நீதிமன்றம் தலையிட மறுத்தது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், சபாநாயகர் நோட்டீஸ் அனுப்பிவிட்டார், அவர் முடிவெடுக்கட்டும் என்று வழக்கை முடித்து வைத்தது. 2021 தேர்தல் வந்தபோதும் அவர்கள் எம்.எல்.ஏ.க்களாகவே இருந்தார்கள்.

அணிகள் இணைந்த மறுநாளே, ஆகஸ்ட் 22 அன்று, டி.டி.வி. தினகரன் பக்கம் நின்ற 19 எம்.எல்.ஏ.க்கள் ஆளுநர் வித்யாசாகர் ராவைப் பார்த்தார்கள். ஆளுக்கொரு கடிதம் கொடுத்தார்கள். முதல்வர் மீது ஊழல், அதிகார துஷ்பிரயோகக் குற்றச்சாட்டுகளைச் சொல்லி, அவர் மேல் நம்பிக்கை இழந்துவிட்டோம் என்று எழுதியிருந்தார்கள். கட்சியை விட்டு விலகுகிறோம் என்று எழுதவில்லை. சபையில் எந்த வாக்கெடுப்பிலும் கொறடா உத்தரவை மீறவில்லை. கொறடா புகார் கொடுத்தார், சபாநாயகர் தனபால் நோட்டீஸ் அனுப்பினார். கம்பம் எம்.எல்.ஏ. ஜக்கையன் திரும்பிப் போய்விட்டார். மிச்சம் 18 பேரும் செப்டம்பர் 18 அன்று தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். ஆண்டிபட்டி, பெரியகுளம், நிலக்கோட்டை, மானாமதுரை, பரமக்குடி என்று நம்மைச் சுற்றியே 5 தொகுதிகள் அதில் இருந்தன.

அந்தக் கடிதங்களை விட்டுவிட முடியாது, விஷயம் முழுவதும் அவற்றில்தான் இருக்கிறது. 18 பேரின் வக்கீல்கள் பெரிதாக நம்பியது ஒரு கர்நாடகத் தீர்ப்பை. 2010 அக்டோபரில் 11 பா.ஜ.க. எம்.எல்.ஏ.க்கள் முதல்வர் எடியூரப்பா மீது நம்பிக்கை இல்லை என்று அந்த மாநில ஆளுநருக்குக் கடிதம் கொடுத்தார்கள். சபாநாயகர் போப்பையா சில நாட்களிலேயே, நம்பிக்கை வாக்கெடுப்புக்கு முந்தைய நாள், அவர்களைத் தகுதி நீக்கினார். 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பதில் சொல்லப் போதிய அவகாசம் தரவில்லை என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், ஒரு முதல்வர் வேண்டாம் என்று சொல்வது கட்சியே வேண்டாம் என்று சொல்வதாகாது என்பது. அந்தத் தீர்ப்பைப் படித்தபோது எனக்குப் பெரிய நிம்மதி வந்தது உண்மை. தலைவர் வேறு, கட்சி வேறு என்று நாட்டின் உச்ச நீதிமன்றமே எழுதிவிட்டது, இனி பயமில்லை என்று நினைத்தேன்.

சென்னை உயர் நீதிமன்றத்தில் 18 பேருக்கும் அது கைகொடுக்கவில்லை. 2018 ஜூன் 14 அன்று இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி தகுதி நீக்கம் செல்லும் என்றார், நீதிபதி சுந்தர் செல்லாது என்றார். மூன்றாவதாகக் கேட்ட நீதிபதி சத்தியநாராயணன், சபாநாயகர் முடிவில் தலையிட முகாந்திரம் இல்லை என்று அக்டோபர் 25 அன்று சொல்லிவிட்டார். 2019 மே மாதம் இடைத்தேர்தல் முடிவு வந்தது. அதுவரை 20 மாதங்கள் ஆண்டிபட்டிக்காரனுக்கும் பரமக்குடிக்காரனுக்கும் சட்டமன்றத்தில் ஆளே இல்லை. முதியோர் உதவித்தொகை மனுவைத் தூக்கிக்கொண்டு யாரிடம் போவது என்று தெரியாமல் ஜனங்கள் நின்றார்கள். எம்.எல்.ஏ.க்கள் யார் பக்கம், அவர்கள் நோக்கம் சுத்தமா என்று நூறு பேசலாம். இந்தப் பெரியவர்களுக்கு வந்த நஷ்டத்தை யாரும் பேசவில்லை. எனக்கு இன்றைக்கும் அந்த ஆத்திரம் ஆறவில்லை.

ஒரே சபை, ஒரே சபாநாயகர், ஒரே வருஷம். சபைக்குள் எதிர்த்து வாக்களித்தவர்கள் தப்பினார்கள், வெளியே காகிதம் கொடுத்தவர்கள் பதவி இழந்தார்கள். முன்னவர்கள் தலைமையோடு சமாதானமாகிவிட்டார்கள் என்பதும், புகாரை எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று அட்டவணை சொல்லவில்லை என்பதும்தான் வித்தியாசம். 2020 ஜனவரியில் ஒரு மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம், சாதாரணமாக 3 மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சொன்னது. இந்த அதிகாரத்தைச் சபாநாயகரிடமிருந்து எடுத்து ஒரு தனித் தீர்ப்பாயத்திடம் கொடுப்பதைப் பற்றி நாடாளுமன்றம் யோசிக்க வேண்டும் என்றும் சொன்னது. என் எண்ணமும் அதுதான், அது நடக்கிறவரை உங்கள் எம்.எல்.ஏ.வின் பயத்தில் பாதி நியாயமானதாகவே இருக்கும்.

அப்புறம், கட்சியே தூக்கி எறிந்தால்? இந்தக் கேள்விக்கான பதிலில் மதுரை மாவட்டத்துக்காரர் ஒருவரின் பெயர் இருக்கிறது. 1991 முதல் 1996 வரை சபாநாயகராக இருந்த சேடப்பட்டி முத்தையா. அ.தி.மு.க.விலிருந்து 1994-ல் நீக்கப்பட்ட ஆற்காடு எம்.எல்.ஏ. ஜி. விஸ்வநாதன் வேறு கட்சிக்குப் போய்விட்டார் என்று முத்தையா அவரைத் தகுதி நீக்கினார். 'கட்சிதானே என்னை வெளியே அனுப்பியது, நானாக எங்கே விட்டேன்' என்பது விஸ்வநாதன் தரப்பு. 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சபாநாயகர் பக்கம் நின்றது. எந்தக் கட்சிச் சின்னத்தில் ஜெயித்தாரோ, நீக்கப்பட்ட பிறகும் அந்தக் கட்சிக்காரராகவே சட்டம் அவரைப் பார்க்கும். வேறு கட்சியில் சேர்ந்தால் தானாக விட்டதாக அர்த்தம். சேராமல் இருந்தால் பதவிக்கு ஆபத்தில்லை. இதனால்தான் 2022 ஜூலையில் நீக்கப்பட்ட பன்னீர்செல்வம் எம்.எல்.ஏ.வாகத் தொடர்ந்தார், அவருக்குச் சபையில் எந்த நாற்காலி என்று 2024 வரை சண்டை நடந்தது. இதனால்தான் 2025 அக்டோபர் கடைசியில் நீக்கப்பட்ட செங்கோட்டையன், நவம்பரில் எம்.எல்.ஏ. பதவியை முதலில் ராஜினாமா செய்துவிட்டு மறுநாள் தமிழக வெற்றிக் கழகத்தில் சேர்ந்தார். ஒரு எச்சரிக்கை: நீக்கப்பட்டவரையும் கொறடா உத்தரவு கட்டுப்படுத்தும் என்று எண்ணியே நடந்துகொள்வது நல்லது.

இந்த விதியை 1972-க்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். பரங்கிமலை எம்.எல்.ஏ.வும் தி.மு.க. பொருளாளருமான எம்.ஜி.ஆர். அக்டோபர் 8 அன்று திருக்கழுக்குன்றம் கூட்டத்தில் கட்சிப் பொறுப்பாளர்கள் சொத்துக் கணக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டார். சில நாட்களில் நீக்கப்பட்டார். 17-ஆம் தேதி புதுக் கட்சி தொடங்கினார். பரங்கிமலை எம்.எல்.ஏ.வாகவே இருந்தார், தடுக்கச் சட்டம் இல்லை. அடுத்த மே மாதம் திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தல். திண்டுக்கல் அன்றைக்கு மதுரை மாவட்டம்தான். இரட்டை இலைச் சின்னத்தில் மாயத்தேவர் ஜெயித்தார், ஆளும் தி.மு.க. மூன்றாம் இடத்துக்குப் போனது. யார் சொன்னது சரி என்று ஜனங்கள் ஓட்டுப் பெட்டியில் பதில் சொன்னார்கள். விஸ்வநாதன் தீர்ப்பு அன்றைக்கு இருந்திருந்தால், கணக்குக் கேட்டவர் புதுக் கட்சி தொடங்கியதற்காகவே பதவி இழந்திருப்பார். பணத்துக்காகக் கட்சி மாறுகிறவனைப் பிடிக்க விரித்த வலை இது. மனசாட்சிக்காகப் பேசுகிறவனும் அதே கண்ணியில்தான் சிக்குகிறான்.

சாக்கு என்று சொன்ன பாதிக்கு வருகிறேன். பல பேர் உண்மையில் பயப்படுவது சட்டத்துக்கு இல்லை.

சில வருஷங்களுக்கு முன் மதுரைக்கு மேற்கே ஒரு பேரூராட்சியின் கவுன்சிலர் என்னிடம் வந்தார். கட்சியின் உள்ளூர்ப் பொறுப்பாளர் ஒருவர் குடிநீர்க் குழாய் வேலையில் கமிஷன் வாங்கியதாக அவருக்குத் தகவல். தலைமைக்குப் புகார் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். கோடு போட்ட நோட்டுத் தாள், நான்காய் மடித்தது, வியர்வையில் ஓரம் நனைந்திருந்தது. புகார் நன்றாகவே எழுதியிருந்தார். எந்தத் தெரு, எத்தனை அடி குழாய், பில்லில் எத்தனை அடி என்று எல்லாம் இருந்தது. கடைசி வரி மட்டும், "இனி இந்தக் கட்சியில் நீடிக்க எனக்கு மனமில்லை." அந்த வரியைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டேன். "அண்ணே, மனசு கொதிச்சு எழுதிட்டேன்" என்றார். "நீங்க எம்.எல்.ஏ.வா இருந்தா இந்த ஒரு வரி போதும்யா. மேலே எழுதின இருபது வரியையும் யாரும் படிக்க மாட்டாங்க" என்றேன். பத்தாவது அட்டவணை எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்குத்தான், கவுன்சிலர்களைத் தொடாது. ஆனாலும் அடித்துவிட்டு, "நடவடிக்கை எடுத்துக் கட்சியின் பெயரைக் காப்பாற்றுங்கள்" என்று எழுதச் சொன்னேன். எழுதினார்.

பதவிக்கு ஒன்றும் வரவில்லை. கட்சியிலிருந்து நீக்கினார்கள். அறிவிப்பில் வழக்கமான வாசகம், 'இவருடன் எவ்விதத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது.' இரண்டு மாதம் கழித்து மகளுக்குக் காதுகுத்து வைத்தார், போயிருந்தேன். மொய் எழுதும் மேஜைக்குப் பக்கத்தில்தான் எனக்கு நாற்காலி. அவர் பழைய மொய் நோட்டைப் புரட்டி, தான் செய்த மொய்க்குத் திரும்ப வர வேண்டியவர்களை ஒவ்வொரு பெயராக விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். கட்சிக்காரர் பெயர் வரும் இடத்தில் எல்லாம் விரல் ஒரு கணம் நின்று நகர்ந்தது. மத்தியானத்துக்கு மேல் நோட்டை மூடிவிட்டார். எங்கள் பக்கத்தில் மொய் வராமல் போவது பண விஷயம் மட்டும் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் எம்.எல்.ஏ. 'பதவி போய்விடும்' என்று சொல்லும்போது, அடுத்த தேர்தலில் சீட் போவதும், மாவட்டச் செயலாளர் போனை எடுக்காமல் போவதும், விசேஷத்துக்கு ஆள் வராமல் போவதும் சேர்த்தேதான் அவர் மனதில் இருக்கும். அந்தப் பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. ஆனால் அதைச் சட்டத்தின் தலையில் போடக் கூடாது.

வெளிப்படையாகப் பேசியும் பதவியில் இருந்தவர்கள் நம் ஊரிலேயே உண்டு. 2019 ஜூனில், அன்றைக்கு மதுரை வடக்கு அ.தி.மு.க. எம்.எல்.ஏ.வான ராஜன் செல்லப்பா, இரட்டைத் தலைமை வேண்டாம், கட்சிக்கு ஒற்றைத் தலைமை வேண்டும் என்று பத்திரிகையாளர்கள் முன்னாலேயே சொன்னார். தலைமையில் இருந்த பழனிசாமி, பன்னீர்செல்வம் இரண்டு பேருக்கும் சங்கடமான பேச்சு. பெரிய சலசலப்பு ஆனது. பதவிக்கு எந்தச் சேதமும் இல்லை, 2021-ல் அந்தப் பதவிக்காலம் முடியும்வரை மதுரை வடக்கு எம்.எல்.ஏ.வாகவே இருந்தார். அவர் பேசியது கட்சிக்காக, கட்சிக்குள் நின்று. தலைவரின் நடத்தையைப் பற்றிப் பேசுகிறவருக்கும் இதே தரைதான் கெட்டியான தரை.

ஆகவே, அடுத்த முறை அவரைப் பார்க்கும்போது இதைச் சொல்லுங்கள். புகாரை முதலில் கட்சித் தலைமைக்கே எழுத்தில் கொடுக்கட்டும், பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு. நான் இந்தக் கட்சிக்காரன், இந்தச் சின்னத்தில் ஓட்டு வாங்கியவன், அதனால்தான் கேட்கிறேன் என்பது அதில் கட்டாயம் இருக்கட்டும். ஆளுநர் மாளிகைப் பக்கம் போக வேண்டாம், 18 பேர் கதை அங்கேதான் திரும்பியது. எதிர்க்கட்சி மேடையில் ஏற வேண்டாம். நம்பிக்கை வாக்கெடுப்பு வந்தால் கொறடா உத்தரவை மீற வேண்டாம், மீறத்தான் வேண்டும் என்று மனசாட்சி சொன்னால் முதலில் ராஜினாமா செய்துவிட்டு இடைத்தேர்தலில் நிற்கட்டும், நாங்கள் ஓட்டுப் போடுகிறோம் என்று நீங்கள் நாலு பேர் போய்ச் சொல்லுங்கள். மற்றபடி சபையில் கேள்வி கேட்கலாம், விசாரணை வேண்டும் என்று பேட்டி கொடுக்கலாம். சபைக்குள் பேசுவதற்காக அவர் மீது எந்த நீதிமன்றத்திலும் வழக்குப் போட முடியாது, அரசியல் சட்டத்தின் 194-வது பிரிவு அதற்காகவே இருக்கிறது. நீக்கினால் நீக்கட்டும், வேறு கட்சிக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தால் நாற்காலி அவருடையதுதான். கடிதத்தை அனுப்பும் முன் கடைசி வரியை மட்டும் ஒரு வக்கீலிடம் காட்டச் சொல்லுங்கள்.